கோரையைத் தேடி

பத்தமடைப் பாய் பற்றி எழுத, பழைய பிடிஎஃப் ஒன்றிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து எடிட்டரில் ஒட்டினேன். அந்தப் பாயை நெய்யும் புல்லான 'கோரை'யின் பெயர் 'ேகாைர' என்று சிதறி விழுந்தது. இரட்டைக் கொம்பு (ே) ஒரு புள்ளி வட்டத்தைப் பற்றிக்கொண்டு தனியே நின்றது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இதே கதிதான், ஆகவே எடிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கோப்பு கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பை முன்னால் வைத்திருக்கிறது. யூனிகோடிலோ ககரம் முதலில், ஓகாரக் குறி அதன் பின்னால். கொம்பையும் எழுத்தையும் இடம் மாற்ற தேடி மாற்றும் வரி ஒன்றை எழுதிச் சரிசெய்தேன். பார்வைக்குக் 'கோரை' வந்துவிட்டது, ஆனால் தேடினால் அகப்படவில்லை! உள்ளே இரட்டைக் கொம்பும் காலும் இன்னும் இரண்டு குறியீடுகளாகவே கிடந்தன; அவற்றை ஒரே ஓகாரக் குறியாக்கிய பிறகுதான் கிடைத்தது. பத்தமடையோ ஊறவைத்துக் கீறிய கோரையை இழை பிசகாமல் பாயாக நெய்கிற ஊர். அந்தத் தொழிலைப் பற்றி ஒரு மாணவி தேடினால் கிடைக்க வேண்டாமா? தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். அதற்குப் பின்னும் நம் ஆவணங்கள் பல அச்சுக்கு மட்டுமே ஏற்றபடி வெளிவருவது எனக்குப் பொறுக்கவில்லை. பிடிஎஃப் போடுங்கள்; கூடவே அதன் யூனிகோடு உரையையும் தனிக் கோப்பாகப் போடுங்கள்.