தாய்வழி வரும் சாட்சி

"இழைமணி கலத்தின் வலுநிலையம்" என்று மனனஞ்செய்து புள்ளி பெறுகின்றோம். அத்தோடு மறந்தும் விடுகின்றோம். கருவிலுள்ள டி.என்.ஏ. பெற்றோர் இருவரதும் பங்கு. இழைமணிக்கோ தனி டி.என்.ஏ. உண்டு, அது தாய்வழியே வருவது. கலமொன்றில் அதன் பிரதிகள் ஏராளம். ஆகவே பழைய எலும்பிலும் எஞ்சக்கூடும்.

முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் 2023 யூனில் நீர்க்குழாய்க்கு வெட்டிய குழியில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. 2024 யூலை வரை 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. இவர்கள் யார்? ஒப்பிட உறவினர் மாதிரி வேண்டும். தாய்வழி உறவினர்க்கெல்லாம் இழைமணி ஒன்றேயாதலால் அதுமட்டும் போதாது. பெற்றோரின் கரு டி.என்.ஏ.யும் வேண்டும்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் போராடிய பெற்றோரிற் பலர் மறைந்துவிட்டனர். அரசு நட்டஈடு பேசுகின்றது! எஞ்சியிருப்போரின் உமிழ்நீரை, அவர்தம் சம்மதத்தோடு, இவ்வாண்டிலேயே பெற்று, அரசின் கைக்கெட்டாத சுயாதீனக் காப்பகமொன்றில் வையுங்கள்.