முகம் தெரியாத வேலை

பிள்ளை "சினிமாவில் நடிக்கப் போறேன்" என்றால் எந்த அம்மாவுக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்யும். எங்கள் மயிலத்தில் ஒரு பையன், சான்ஸ் வாங்கித் தரும் ஏஜென்ஸி ஒன்றில் பெயர் கொடுத்துக் காத்திருந்தான். கிடைத்தது டப்பிங் வேலை! "என் முகமே தெரியாதே, அத்தை!" என்று சோர்ந்துவிட்டான்.

அவனுக்கு நடிகர் விக்ரமைப் பற்றிச் சொன்னேன். 1990-ல் 'என் காதல் கண்மணி'யில் அறிமுகமானவர். படங்கள் கைகொடுக்காத நாட்களில் மற்றவர்களுக்குக் குரல் கொடுத்தார். 'அமராவதி'யில் (1993) அஜித்துக்கும், 'காதலன்' படத்தில் (1994) பிரபுதேவாவுக்கும் பேசியது அவர்தான். 1999-ல் 'சேது' வந்த பிறகே ஊர் திரும்பிப் பார்த்தது. 'பிதாமகன்' தேசிய விருதே வாங்கித் தந்தது. உதட்டசைவு பார்த்து அழுவதும் சிரிப்பதும் நடிப்புதானே!

தாய்மார்களே, ஒன்று மட்டும் கவனம். வேலை வாங்கிக் கொடுத்து, வந்த சம்பளத்தில் கமிஷன் எடுப்பவர்தான் முறையான ஏஜென்ட். "போட்டோ ஆல்பத்துக்கு முதலில் பணம் கட்டு" என்பவரை நம்பி வளையலை அடகு வைக்காதீர்கள். பெண் பிள்ளையானால் கூடவே போங்கள். கையெழுத்துப் போடுமுன் காகிதத்தை முழுக்கப் படியுங்கள். ஆசையைத் தடுக்க வேண்டாம். காவல் இருந்தால் போதும்.