விழுந்தது விழுந்ததுதானா?

மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர். காகிதம், பென்சில், இருபது முகம் கொண்ட ஒரு பகடை. ஒருவர் கதை சொல்கிறார்: "குகைக்குள் நுழைகிறீர்கள். இருட்டில் ஏதோ உறுமுகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பதில் சொல்கிறார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் சாரம் இவ்வளவுதான். கதை சொல்பவருக்கு 'டன்ஜன் மாஸ்டர்' என்று பெயர். தமிழில் 'நடத்துநர்' என்று பெயர்க்கலாம். ஆனால் உடனே விசில் சத்தம் கேட்கும். டிக்கெட் நினைவுக்கு வரும். மாஸ்டராகவே இருக்கட்டும்.

ஐம்பது வயதைத் தாண்டிய எந்தக் கலையிலும் மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் தகராறு இருக்கும். இங்கே தகராறு மரணத்தைப் பற்றியது. விளையாடுபவரின் பாத்திரம் எவ்வளவு சுலபமாகச் சாகலாம்?

1974ஆம் ஆண்டு விதிகளில் தயவுதாட்சண்யம் கிடையாது. மூன்று சாதாரணப் பகடைகளை உருட்டினால் பலம், அறிவு என்று ஆறு தகுதிகளும் முடிவாகிவிடும். விழுந்தது விழுந்ததுதான். புதிதாக வரும் மந்திரவாதியின் உயிர்ப் புள்ளிகளுக்கு ஒரே ஒரு பகடை. அதில் 1 விழுந்தால், முதல் அடியிலேயே ஆள் காலி. இன்னொரு காகிதத்தை எடுத்துப் புதிய பெயரை எழுத வேண்டியதுதான். தாயம் விழாமல் காயை இறக்க முடியாது தவித்தவர்களுக்கு இந்த மனநிலை சுலபமாகப் புரியும்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு வேறு ரகம். தகுதிகளுக்குப் பகடையை நம்ப வேண்டாம். குறிப்பிட்ட எண்களை விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம். உயிர்ப் புள்ளி பூஜ்யத்துக்கு வந்தாலும் பொதுவாக உடனே சாவு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. மூன்று தோல்விகளுக்கு முன் மூன்று வெற்றிகள் கிடைத்தால் ஆள் பிழைத்துக்கொள்வார்.

மூத்தவர்கள் சிரிக்கிறார்கள். அந்தக் காலத்துப் பொருள் பட்டியலில் பத்தடிக் கழி ஒன்று உண்டு. குழி இருக்குமோ என்று தரையைத் தட்டிப் பார்த்தபடி நடப்பதற்கு. சாவு பக்கத்திலேயே இருந்ததால்தான் மூளை வேலை செய்தது, பயமில்லாத இடத்தில் வீரம் ஏது என்பது அவர்கள் கட்சி.

இளையவர்கள் வந்த வழி வேறு. குரல் நடிகர்கள் கூடி ஆடும் 'கிரிட்டிகல் ரோல்' 2015இல் இணையத்தில் தொடங்கியது. மறு ஆண்டு 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் இந்த மேஜையை வீட்டுக்கு வீடு காட்டியது. இவர்களுக்குப் பாத்திரம் என்பது எண்களின் பட்டியல் அல்ல. அதற்குத் தாய் உண்டு, பழைய பகை உண்டு, சொல்ல முடியாத பயம் உண்டு. மாதக்கணக்கில் வளர்த்த ஒருத்தியை ஒரு பகடை அழிப்பதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

மூத்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். விளையாட்டை உருவாக்கியபோது கேரி கைகாக்ஸுக்கு 35 வயது, டேவ் ஆர்ன்சனுக்கு 26. பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பழைய போர்களை ஆடும் வட்டத்திலிருந்து வந்தவர்கள். டிராகனும் மந்திரவாதியும் அங்கே சில பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. இன்றைய மூத்தவர்கள் நேற்றைய அதிகப்பிரசங்கிகள்.

இளையவர்களும் ஒன்றை அறிய வேண்டும். 1980களில் அமெரிக்காவில் இது சாத்தானின் விளையாட்டு, பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தள்ளுகிறது என்று பெரும் பீதி கிளம்பியது. ஆதாரம் இல்லாத குற்றச்சாட்டு. அந்தப் பீதிக்கு நடுவிலும் பகடையைக் கைவிடாதவர்கள் இருந்ததால்தான் இன்று கேமரா முன்னால் ஆட முடிகிறது.

நெருக்கடி என்று வந்தபோது இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். விதிகளைப் பயன்படுத்தி யார் வேண்டுமானாலும் புதிய ஆட்டங்களை எழுதி விற்க 2000ஆம் ஆண்டிலிருந்து ஓர் உரிமம் இருந்தது. 2023 ஜனவரியில் உரிமையாளரான 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' அதை மாற்ற முயன்றது. பழைய விதிகளை நேசிப்பவர்களும் புதியவர்களும் சேர்ந்தே எதிர்த்தார்கள். அந்த மாத இறுதிக்குள் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதித் தொகுப்பை எவரும் பயன்படுத்தும்படி 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் வெளியிட்டது.

மரண விவகாரத்துக்கு என்ன தீர்ப்பு? இளையவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் பரவியிருக்கிறது. ஆட்டம் தொடங்குமுன் எல்லாரும் உட்கார்ந்து பேசுவது: சாவு உண்டா, எது தாங்காது, எது பரவாயில்லை? இதை மூத்தவர்கள் ஏற்கலாம். பதிலுக்கு மூத்தவர்களிடமிருந்து இளையவர்கள் ஒன்றைக் கற்கலாம். சாகக் கூடாது என்றால் பகடையை எடுக்காதீர்கள். எடுத்து உருட்டிவிட்டு, தடுப்பு அட்டைக்குப் பின்னால் எண்ணை மாற்றிச் சொல்லாதீர்கள். கருணை போலத் தோன்றும் அந்தப் பொய் தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு கிடைக்கும் எந்த வெற்றியிலும் ருசி இருக்காது.

கைகாக்ஸ் தன் நிலவறையைச் சோதித்துப் பார்க்க முதலில் உட்கார வைத்தது தன் மகனையும் மகளையும். இந்த விளையாட்டில் தலைமுறைகள் எதிரெதிரே உட்காருவது புதிதல்ல. ஒரே மேஜையாக இருந்தால் சரி.