காலுக்கு ஏற்ற காலணியா? காலணிக்கு ஏற்ற காலா?

‘செருப்புக்காகக் காலைத் தறிப்பதா?’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பதுண்டு. கேட்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் கடைக்குப் போய், பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பி, கால் கடித்தாலும் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று வாங்கி வருகிறோமே, அது என்ன? கத்தி இல்லாமல் காலைத் தறிக்கும் காரியம்தானே!

நண்பர்களே! 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹே நகரில் நடந்த உலக வேகச் ஸ்கேட்டிங் போட்டியில், 1000 மீட்டர் விரைவோட்டத்தில் சென்னை இளைஞர் ஆனந்த்குமார் வேல்குமார் தங்கம் வென்றார். இந்த விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். அதற்கு முன்பே, 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் 3000 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் வென்றிருந்தன. இச்செய்திகளுக்குப் பின் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் சக்கரம் கட்டிய சிறுவர் கூட்டம் பெருகியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆயினும் அந்தச் சிறுவர்களின் காலில் இருப்பது அவர்களுடைய காலுக்கு உரியதுதானா என்று எத்தனை பேர் பார்த்தோம்?

நான் பார்க்கவில்லை. அந்தத் தவற்றிலிருந்து கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

என் தம்பிக்கு வயது பதினான்கு. ஆவடியில் ஒரு பள்ளியின் சிமெண்டுத் தளத்தில் மாலை வேளைகளில் சக்கர ஹாக்கி ஆடுகிறான். இது எழும்பூர் அரங்கில் புல்விரிப்பின் மேல் பதினொருவர் ஆடும் ஹாக்கி அன்று. காலில் வரிசைச் சக்கரங்கள் பூட்டிய உயர்ந்த பூட்ஸ் அணிந்து, கோல் காப்பாளரோடு சேர்த்துப் பக்கத்துக்கு ஐவர் ஆடுவது. அவனுக்கு முதல் பூட்ஸ் வாங்க நான்தான் கூடப் போனேன். கடைக்காரர், “வளர்ற பையன், ஒரு சைஸ் பெருசாவே எடுத்துக்குங்க” என்றார். பள்ளிக்கூட ஷூ வாங்கும்போது குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்ப்போமே, அப்படியே பார்த்து, விரல் தாராளமாக நுழைந்ததும் மகிழ்ந்து பணத்தைக் கொடுத்தேன். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம் அது.

இரண்டே வாரத்தில் குதிகால் கொப்புளித்தது. கணுக்கால் இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்தன. நாடாவை இறுக்கிக் கட்டினால் பாதம் மரத்துப் போயிற்று. தளர்த்தினால் பூட்ஸுக்குள் கால் ஆடிற்று. மூன்றாம் மாதம் திரும்பும்போது விழுந்து கணுக்கால் வீங்கியது. “எனக்கு இது வராதுண்ணா, விட்டுடறேன்” என்றான். அவனுக்கு வராததன்று, காலணி அவனுக்கு வரவில்லை. இதை அன்று நான் அறிந்திருந்தால் அவனை அப்படிச் சொல்ல விட்டிருக்க மாட்டேன்.

பள்ளிக்கூட ஷூவுக்கும் ஸ்கேட் பூட்ஸுக்கும் வேலை வேறு. நடக்கும்போது பாதம் மடங்கி நிமிர இடம் வேண்டும். சக்கரத்தின் மேல் நிற்பவனுக்கோ, கால் தரும் விசை முழுவதும் பூட்ஸின் வழியே சக்கரத்துக்குச் சேர வேண்டும். குதிகால் உள்ளே தூக்கிக்கொண்டால், உதைப்பின் ஒரு பகுதி அந்த இடைவெளியை மூடுவதிலேயே வீணாகிறது. எனவே ஸ்கேட் பூட்ஸ் நாம் அன்றாடம் போடும் ஷூவைவிட எண்ணில் சிறியதாகவே பெரும்பாலும் அமையும்.

பொருத்தம் பார்க்கும் முறையும் வேறு. நிமிர்ந்து நிற்கையில் கால்விரல்கள் முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி ஆடும் நிலைக்கு வந்தால், குதிகால் பின்னே ஒட்டி, விரல்கள் சற்றே விலக வேண்டும். நாடா கட்டாமல் கால் நுழைத்து, மேலிருந்து மூன்றாம் துளைகளின் குறுக்கே ஒரு பென்சிலை வைத்துப் பார்க்கலாம். பென்சில் பூட்ஸின் இரு விளிம்பிலும் படிந்து, பாதத்தின் மேல் இடிக்காமல் இருந்தால் ஆழம் போதும். காசில்லாத இந்தச் சோதனைகளை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இந்நிலையில் பயிற்சியாளர், மூத்த ஆட்டக்காரர் ஒருவர் விற்கவிருந்த பழைய பூட்ஸைக் காட்டினார். அது சூட்டில் வளைந்து கொடுக்கும் வகை. முன்னதைவிட ஒரு சைஸ் சிறியது. ‘அடுப்பில் வைத்து எடுத்தால் காலுக்கு ஏற்றபடி உருமாறும்’ என்றார். வீட்டில் யாரும் நம்பவில்லை, அப்பா ஒருவரைத் தவிர.

அப்பா அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மோல்டிங் எந்திரம் ஓட்டுபவர். எந்திரத்தில் கொட்டும் முன் பிளாஸ்டிக் மணிகளின் ஈரத்தைப் போக்க ஒரு சூட்டுப் பெட்டியில் வைத்து உலர்த்துவார்கள். பூட்ஸோடு வந்த குறிப்புத்தாளைப் படித்துக் காட்டினேன். “எண்பது டிகிரிதானே? நம்ம மெட்டீரியல் காயற சூடு. இதுல பயப்பட என்ன இருக்கு?” என்றார்.

வகுப்பில் நான் படித்ததும் அப்பா கையால் அறிந்ததும் ஒரே செய்தி என்று அன்றுதான் உணர்ந்தேன். பிளாஸ்டிக்குகள் இருவகை. பழைய மின்விசைக் குமிழ்களில் பார்த்த கறுப்புப் பேக்கலைட் போன்றவை ஒரு முறை இறுகினால் இறுகியவைதாம். மீண்டும் சூடேற்றினால் இளகாமல் கருகும். மற்ற வகையோ சூட்டில் இளகும், ஆறினால் இறுகும், மீண்டும் சூடேற்றினால் மீண்டும் இளகும். வீட்டுக்கு ஒயரிங் செய்ய வருபவர் பி.வி.சி. குழாயை நெருப்பில் காட்டி வளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சூட்டில் ஒன்றன்மேல் ஒன்று நழுவ இடம் பெறுகின்றன. ஆறியதும் புதிய இடத்திலேயே நின்றுவிடுகின்றன. பூட்ஸின் ஓட்டிலும் உள்மெத்தையிலும் நடப்பது இதுவே.

முதலாளியிடம் அனுமதி கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரங்களைக் கழற்றிய பூட்ஸைச் சூட்டுப் பெட்டியில் வைத்தோம். தாளில் சொன்ன சில நிமிடங்களுக்கு மேல் ஒரு நிமிடம்கூட அப்பா விடவில்லை. சூடு மிகுந்தால் பசை விட்டு அடித்தோல் கழன்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். வெளியே எடுத்து, கையால் தொட்டுப் பார்த்து, தம்பியை நாற்காலியில் உட்கார வைத்து, ஆட்டத்தில் போடும் அதே காலுறையோடு காலை நுழைத்தோம். குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னே ஒட்டச் செய்தோம். இளகிய நேரத்தில் நாடாவை வெளிப்பக்கமாக இழுத்தால் துளைகள் பிய்ந்துவிடும். எனவே மேல்நோக்கி மெல்ல இழுத்துக் கட்டினோம். கால்மணி நேரம் எழாமல், நடக்காமல் உட்கார்ந்திருந்தான். நின்றால் உடல் எடையில் கணுக்கால் சாய்ந்து, அந்தச் சாய்வே பூட்ஸில் பதிந்துவிடும். பின் ஒரு நாள் முழுதும் அதைத் தொடவில்லை.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது என்று பள்ளியிலேயே படித்தோம். கணுக்கால் முட்டியின் சிறு முனையில் விழுந்த விசை, ஓடு உருமாறியபின் கால் முழுதும் பரவிற்று. கொப்புளம் நின்றது.

இவ்வளவையும் சொன்னது சூட்டின் புகழ் பாடுவதற்காக அன்று. என் கருத்து வேறு. சூடு அளவுக்கு மாற்றாகாது! முட்டி உரசும் இடத்தையும் அகலம் சற்றே போதாத இடத்தையும் சூடு சரி செய்யும். நீளத்தை அது கூட்டாது, குறைக்காது. முதலில் வாங்கிய பெரிய பூட்ஸ் சூட்டில் வளையும் வகையாகவே இருந்திருந்தாலும் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது. அளந்து எடுத்த பூட்ஸுக்கே சூடு பயன்படும். ‘உங்கள் காலுக்கென்றே உருமாறும்’ என்ற விளம்பரத்தை நம்பி, அளக்காமல் வாங்குபவர் விலை உயர்ந்த தவற்றைத்தான் வாங்குகிறார்.

1968-இல் ஜெய்ப்பூரில் உருவான செயற்கைக் காலை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பொருத்தும் முறையில் பாலிதீன் குழாயைச் சூடேற்றி உருவாக்குகிறார்கள். ஆனால் சூடேற்றுவதற்கு முன் குறைக்காலின் வடிவத்தைப் பிளாஸ்டரில் அச்செடுத்துக்கொள்கிறார்கள். அச்சின் மேல்தான் சூடான குழாய் இழுக்கப்படுகிறது. அளவு முன்னே; சூடு பின்னே.

நம் வேலூருக்கு வாருங்கள். 1946-இல் அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்கு நோய் மட்டும் காரணமன்று, உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமும் காரணம் என்று காட்டினார். மென்மையான நுண்ணறை ரப்பர் வைத்துப் பாதத்துக்கேற்பச் செய்த செருப்புகள் பலருடைய கால்களைக் காத்தன. நமக்கு வலிக்கிறது, கழற்றி எறிகிறோம். வலிக்காதவனுக்குக் காலே போய்விடுகிறது. பொருத்தம் என்பது சொகுசுக்காரர் பேச்சு என்பாருக்கு இதுவே விடை.

நம் கால்கள் யாருடைய அளவுக்கு அடங்க வேண்டும் என்பதும் ஒரு கேள்வி. நாம் ‘எட்டு’, ‘ஒன்பது’ என்று சொல்வது இங்கிலாந்து எண். அங்கே ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வேறுபாடு மூன்றில் ஒரு அங்குலம், ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். அது நீளத்தின் கணக்கு, அகலத்தைச் சொல்வதில்லை. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட நம் பாதங்கள் அகலமானவை என்று அது கண்டது. அதையொட்டி இந்தியர்க்கென ‘பா’ என்ற புதிய அளவுமுறை பரிந்துரைக்கப்பட்டதை 2024-இல் பத்திரிகைகள் எழுதின. அகன்ற பாதத்தைக் கண்டு நாணுபவர்களுக்கு இன்னொரு செய்தி. 2300 இந்தியக் குழந்தைகளை ஆராய்ந்து 1992-இல் வெளியான கட்டுரை, காலணி அணிந்து வளர்ந்தவர்களில் தட்டைப் பாதம் 8.6 விழுக்காடு என்றும், அணியாமல் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காடு என்றும் கூறுகிறது. வெறுங்காலோடு வளர்ந்த நம் பாதங்களில் குற்றமில்லை. அவற்றை அளக்காததே குற்றம்.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். நம்மில் பலர் பத்து வயதுவரை செருப்பில்லாமல் ஓடியவர்கள். கபடிக்கும் ஓட்டத்துக்கும் ஹாக்கிக்கும் அணி சேரும்போது, ‘என்ன சைஸ்?’ என்ற ஒரே கேள்வியோடு பட்டியல் எழுதுகிறோம். தெரியாதவன் பக்கத்தில் இருப்பவன் சொன்ன எண்ணையே சொல்கிறான். பிறகு பஞ்சு வைத்து ஆடுகிறான், அல்லது விரலை மடக்கி ஆடுகிறான். தோற்றால் ‘திறமை போதாது’ என்கிறோம்.

என் வேண்டுகோள் சிறியது. ஆண்டுதோறும் அணித் தேர்வு நாளன்று ஒவ்வொருவரின் பாதமும் அளக்கப்பட வேண்டும். ஒரு வெள்ளைத்தாள், பென்சில், அடிக்கோல் போதும். பாதம் நாள்போக்கில் சற்றே வீங்குமாதலால் மாலையில் அளக்க வேண்டும். உட்கார்ந்தல்ல, எடை முழுதும் பாதத்தில் விழ நின்றபடி அளக்க வேண்டும். இரண்டு காலும் ஒன்றாக இருப்பதில்லையாதலால் இரண்டையும் அளந்து, நீளம் அகலம் இரண்டையும் மில்லிமீட்டரில் பெயருக்கு நேரே எழுத வேண்டும். உடற்கல்வித் துறை நாள் குறித்தால், இயற்பியல் மாணவர்கள் நாங்கள் அளந்து தருகிறோம். இருநூறு பேரை அளக்க இரண்டு மாலை போதும்.

‘அளந்தாலும் கடையில் இருப்பதைத்தானே வாங்க வேண்டும்?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்மைதான். ஆனால் அளவு தெரிந்தவன் கடைக்காரரிடம் ‘இது வேண்டாம்’ என்று சொல்ல முடியும். அன்று எனக்கு அந்த ஒரு சொல் தெரிந்திருந்தால் அம்மாவின் சீட்டுப் பணம் தப்பியிருக்கும்.

தம்பி விளையாட்டை விடவில்லை. உலகப் பட்டம் வாங்குவானா, தெரியாது. ஆனால் இப்போது விழுந்தால், தானே விழுகிறான். காலணி அவனைத் தள்ளிவிடுவதில்லை. அவனுக்குக் கால் வளர்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சமையலறைச் சுவரோரம் தாளை விரித்து நிற்கச் சொல்லி, அப்பாவே பென்சில் பிடித்துக் கோடு போடுகிறார்.

அளந்து வாங்குவோம், நண்பர்களே! காலுக்காகத்தான் காலணி!