புள்ளியை நகர்த்துமுன் பெட்டியை நினையுங்கள்

மில்லிலிட்டரை லிட்டராக மாற்ற, தசமப் புள்ளியை மூன்று இடம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். இந்த விதி உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் புதிதல்ல. ஆனால், ஒரு கன மீட்டரில் எத்தனை லிட்டர் என்று கேட்டால், “நூறு” என்று சொல்லத் தோன்றும். ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர்தானே! விதி மனத்தில் இருக்கிறது; அளவு இல்லை. அளவை முதலில் மனத்தில் பதிக்க வேண்டும், விதி பிறகு வரட்டும் என்பது என் கருத்து.

மூன்று கனசதுரப் பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டியின் பக்கம் 1 சென்டிமீட்டர். அதில் 1 மில்லிலிட்டர் பிடிக்கும். இரண்டாவதன் பக்கம் 10 சென்டிமீட்டர். அதில் 1 லிட்டர் பிடிக்கும். மூன்றாவதன் பக்கம் 1 மீட்டர். அதுவே 1 கன மீட்டர். ஒவ்வொரு முறையும் பக்கம் 10 மடங்கு நீள்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் வளர்வதால், கொள்ளளவு 10 × 10 × 10, அதாவது 1,000 மடங்காகிறது. ஆகவே 1,000 மில்லிலிட்டர் ஒரு லிட்டர். 1,000 லிட்டர் ஒரு கன மீட்டர். அந்தப் பெரிய பெட்டியை நிரப்பும் தண்ணீரின் எடை ஏறக்குறைய ஒரு டன்!

விதியை மட்டும் நம்பினால் வேறு இடத்திலும் வழுக்கும. ஐரோப்பாவிலிருந்து வரும் சில பானங்களில் 33 சென்டிலிட்டர் என்று அச்சிட்டிருக்கும். ஒரு சென்டிலிட்டர் 10 மில்லிலிட்டர். எனவே அது 330 மில்லிலிட்டர். பழக்கத்தில் புள்ளியை மூன்று இடம் நகர்த்தினால், கைக்கு அடக்கமான டின்னில் 33 லிட்டர் பானம் இருப்பதாக விடை வரும்.

சிங்கப்பூரில் வீட்டுத் தண்ணீர் பில் கன மீட்டரில்தான் வருகிறது. நால்வர் வாழும் வீட்டில் 30 நாளில் 16.8 கன மீட்டர் செலவானதாக வைத்துக்கொள்வோம். அது 16,800 லிட்டர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 140 லிட்டர். 2030க்குள் இதை 130 லிட்டராகக் குறைப்பது நாட்டின் இலக்கு. ஒரு கன மீட்டரை நூறு லிட்டர் என்று நினைப்பவருக்கோ 14 லிட்டர் என்று விடை வரும். “நாம் சிக்கனமாகத்தான் இருக்கிறோம்” என்று அவர் மகிழ்ந்துபோவார். 14 லிட்டரில் குளித்து, துவைத்து, சமைத்து, கழிவறைக்கும் ஊற்ற முடியுமா என்று ஒரு கணம் யோசித்தாலே பிழை தெரிந்துவிடும்.

மருந்தில் இதே பிழை ஆபத்தானது. குழந்தைக்கு 2.5 மில்லிலிட்டர் கொடுக்க வேண்டிய இடத்தில் புள்ளி கண்ணில் படாவிட்டால் 25 மில்லிலிட்டர், பத்து மடங்கு மருந்து. 5 மில்லிலிட்டர் என்பது ஒரு சிறு மருந்துக் கரண்டி அளவு என்று அறிந்தவர், ஐந்து கரண்டி ஊற்றுமுன் கை தயங்குவார்.

“கைப்பேசியே மாற்றித் தருமே?” என்று கேட்கலாம். தரும். ஆனால், நாம் தவறான எண்ணைத் தட்டினாலும் அது தயங்காமல் விடை சொல்லும். அந்த விடை நடக்கக்கூடியதா என்று பார்ப்பது நம் வேலை.

அதனால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அலகு மாற்றக் கணக்கில் விடைக்குக் கீழே, “இது பொருத்தமான அளவா? ஏன்?” என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த வரிக்கும் மதிப்பெண் கொடுங்கள். மாணவர்களே, ஆசிரியர் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.