எந்த ஃபோல்டரில் வைப்பது இந்த போல்ட்டை?

“டேட்டாபேஸை மவுண்ட் பண்ணிட்டா போதுமே, எஸ்க்யூஎல் எதுக்கு?” மென்பொருள் அலுவலகங்களில் இந்தக் கேள்வி மறுபடி கிளம்பியிருக்கிறது. 2005-ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த ஃப்யூஸ் என்ற வசதி வழியாக, டேபிளை ஃபோல்டராகவும் ரெக்கார்டை ஃபைலாகவும் காட்டும் கருவிகள் உண்டு. எல்எஸ், கேட், கிரெப் தெரிந்தால் போதும், உள்ளே மேயலாம். மேய்ந்து பார்த்தவர்கள் டேட்டாபேஸே ஒரு பெரிய ஃபோல்டர்தான் என்று நம்பிவிடுகிறார்கள். இதைப் போல எரிச்சலூட்டும் நம்பிக்கை வேறில்லை.

இதற்கான பதில் 1970-லேயே அச்சாகிவிட்டது. ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் தன் புகழ்பெற்ற கட்டுரையில் உதிரிபாகம், திட்டம் என்ற இரண்டை எடுத்துக்கொண்டு, அவற்றை ஐந்து விதமாக அடுக்கிக் காட்டினார். ஓர் அடுக்கை நம்பி எழுதிய புரோகிராம் இன்னொன்றில் தடுமாறும் என்பதே அவர் வாதம்.

ஒரு போல்ட் ஏழு திட்டங்களில் பயன்படுகிறது. அதை எந்த ஃபோல்டரில் வைப்பது? ஏழிலும் வைத்தால், விலை மாறும்போது ஏழு இடத்தில் திருத்த வேண்டும். ஒன்றில் வைத்து மற்ற ஆறிலும் சிம்லிங்க் போட்டால், அந்த ஒரு திட்டத்தை அழிக்கும்போது போல்ட்டும் போய்விடும். ஆறு சிம்லிங்க்குகள் அந்தரத்தில் தொங்கும். டேபிளில் ஒரு ஃபாரின் கீ இதைத் தடுத்துவிடும்.

இருப்பில் ஐந்து போல்ட் குறைய வேண்டும், திட்டத்தில் ஐந்து கூட வேண்டும். இரண்டு ஃபைலில் எழுதும்போது நடுவில் மின்சாரம் போனால் அந்த ஐந்து போல்ட்டுக்கு யார் பொறுப்பு? டிரான்ஸாக்‌ஷன் இதற்காகவே பிறந்தது.

வேகமாவது உண்டா? எல்எஸ் மைனஸ் எல் ஒவ்வொரு ஃபைலின் அளவையும் கேட்கும். ரெக்கார்டுக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. ஒவ்வொன்றையும் எழுத்தாக்கித்தான் எண்ண வேண்டும். கிரெப்புக்கோ இண்டெக்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

“யூனிக்ஸில் எல்லாமே ஃபைல்” என்பார்கள். 1983-ல் பெர்க்லி யூனிக்ஸில் சாக்கெட் வந்தபோது ஃபைலைத் திறக்கும் ஓப்பனை விட்டுவிட்டுத் தனி சிஸ்டம் கால்களைத்தானே எழுதினார்கள்!

ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரஸின் டேட்டா டைரக்டரியை அப்படியே காப்பி எடுத்து, பேக்கப் முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறவர்களும் இதே கூட்டம்தான். சர்வரை நிறுத்தாமல் அப்படிச் சும்மா காப்பி எடுக்காதே என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. யார் படிக்கிறார்கள்? கல்லூரியிலும் நார்மல் ஃபார்மை மனப்பாடம் செய்ய வைத்து மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

மவுண்ட் செய்து பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அதற்கு முன், அந்த போல்ட் எந்தெந்தத் திட்டங்களில் இருக்கிறது என்று ஒரு ஜாயின் எழுதட்டும். நான்கே வரி.