குதிகாலில் ஒரு துளி இரத்தம்: சோதிக்கப்படாத குழந்தைகள் யார்?

தொப்புள்கொடி வெட்டப்பட்டதும் தாயிடமிருந்து குழந்தைக்குச் சென்றுகொண்டிருந்த சர்க்கரை நின்றுவிடுகிறது. அடுத்த ஓரிரு மணி நேரத்தில் குழந்தையின் இரத்தச் சர்க்கரை குறைவது இயல்பே. போதிய சேமிப்போடு பிறந்த குழந்தை அதைச் சமாளித்துக்கொள்ளும். எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தையின் கல்லீரலில் அச்சேமிப்பு மிகக் குறைவு. நீரிழிவுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கும் வேறு காரணத்தால் இதே அபாயம் உண்டு. கடுமையான குறைவு நீடித்தால் மூளை, குறிப்பாகப் பார்வையோடு தொடர்புடைய பின்பகுதி, சேதமடையக்கூடும். பல குழந்தைகளிடம் நடுக்கமோ வலிப்போ தோன்றுவதில்லை. குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதன் நீண்டகால விளைவை நியூசிலாந்து ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வந்துள்ளனர். அபாயநிலையில் பிறந்த குழந்தைகளை அவர்கள் பின்தொடர்ந்தபோது, 2 வயதில் பாதிப்பு தென்படவில்லை. நாலரை வயதில், சர்க்கரை குறைந்திருந்த குழந்தைகளிடம் திட்டமிடுதல், கவனத்தை நிறுத்துதல், கண்ணும் கையும் இணைந்து செயற்படுதல் ஆகியவற்றில் குறைபாடு கூடுதலாகக் காணப்பட்டது. 9–10 வயதில் கல்வித் தேர்ச்சியில் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2022இல் அறிவித்தனர்.

ஆறுதலான முடிவுதான். ஆனால் அது யாருக்கான ஆறுதல்? அக்குழந்தைகளுக்கு முதல் நாளில் சில மணி நேரத்துக்கொரு முறை இரத்தம் சோதிக்கப்பட்டது. சர்க்கரை 47 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் சிகிச்சை தரப்பட்டது. நாலரை வயதில் அதிக பாதிப்புக்குள்ளானோரில் மருத்துவர் கண்ணுக்குத் தப்பிய குறைவுகளுக்கு ஆளான குழந்தைகளும் இருந்தனர். சோதனையே நடக்காத ஒரு மகப்பேறு அறை இந்த ஆறுதலைக் கடன் வாங்க முடியாது.

இந்தியாவில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 88.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகளோ 41.8 விழுக்காட்டினரே. செலவே இல்லாத இந்த முதல் தடுப்பு மருத்துவமனைக்குள்ளேயே தவறவிடப்படுகிறது. பழியோ பெரும்பாலும் தாயின் "அறியாமை" மீது விழுகிறது! கர்ப்பகால இரத்தசோகையும் இடைவிடாத உடலுழைப்பும் குறைந்த எடைக்கு இட்டுச்செல்லும் காரணங்களில் அடங்கும். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களிடையே இரத்தசோகை கூடுதலாக இருப்பதை அதே ஆய்வு காட்டுகிறது. ஆக, அபாயம் சாதியின் வழியே பங்கிடப்படுகிறது. குழந்தையின் இரத்தத்தில் அது பிறவிக் குணமாக இல்லை.

இவ்வேறுபாட்டை அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. நம் பிள்ளைகள் வகுப்பில் தடுமாறினால் "அவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்ற ஆசிரியர் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் குரலுக்கு மருத்துவச் சான்று தேடிக்கொடுப்பது என் நோக்கமன்று. எடை குறைந்து பிறந்தவர்களில் பெரும்பாலோர் நலமாகவே வளர்கின்றனர். சோதித்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய சேதம் ஒரு குழந்தைக்கு நேர்ந்தாலும், அது நிர்வாகத்தின் பொறுப்பு.

அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாயை 48 மணி நேரம் தங்கவைக்க வேண்டும் என்பது நெறிமுறை. சர்க்கரையைக் கண்காணிக்க வேண்டிய காலமும் ஏறக்குறைய அதுவே. 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் கடந்த ஆண்டு பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேரின் இரத்தச் சர்க்கரை, எந்தெந்த மணி நேரத்தில் பதிவாகியுள்ளது, சோதனைப் பட்டைகள் எத்தனை நாட்கள் இருப்பில் இல்லை? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிடமும் மாணவர் அமைப்புகள் இக்கேள்விகளைக் கேட்கலாம்.